லாபம், ரெண்டு, மூணு

நவம்பர் 9, 2024. சனி

காலையிலிருந்து ஆறு குழி. பெரிய கண்மாய்க்குக் கீழே, அய்யா கூலிக்குப் போகும் வயல்களின் வரப்போரம். ஒரு குழி என்றால் ஒரு சாண் நீளம், ஒரு சாண் அகலம், முழங்கை ஆழம். வெட்டிய மண்ணைச் சாக்கில் கொட்டி, கட்டி கட்டியாகக் கையால் உடைத்துப் புழுவைப் பொறுக்க வேண்டும். அவசரப்பட்டு மண்வெட்டியால் கொத்தினால் ஒரு புழு இரண்டாகிவிடும். இரண்டான புழு எனக்கு உதவாது.

பக்கத்து வீட்டுச் சின்னச்சாமி சித்தப்பா வரப்பில் சைக்கிளை நிறுத்திவிட்டு வெகுநேரம் பார்த்தார்.

"ஏத்தா பூங்கோத, நான் முப்பது வருசமா தூண்டிலுக்கு இந்தப் புழுவத்தான் தோண்டுறேன். எனக்கு என்ன பட்டம் குடுப்பாக?"

சிரித்துவைத்தேன். "உங்களுக்கு டாக்டர் பட்டமே குடுக்கலாம் சித்தப்பா" என்று சொல்லியிருக்கலாம். அது ராமநாதபுரம் பஸ்ஸில் தேவிபட்டினம் தாண்டும்போது தோன்றியது. எனக்குப் பதில்கள் தேவிபட்டினம் தாண்டித்தான் வரும்.

நவம்பர் 12, செவ்வாய்

எம்.எஸ்சி. கடைசி வருட ஆய்வுக்கு என் தலையில் மண்புழு விழுந்த கதையை எழுதிவைக்கிறேன். எங்கள் வழிகாட்டி கனகலட்சுமி மேடம் மீன்காரர். இருபது வருடமாக மீன், மீனின் செதிள், மீனின் முள். இந்த வருடம் மீனெல்லாம் மற்றவர்களுக்குப் போய்விட்டது. "மண்புழு யாரு எடுக்குறீங்க?" என்று கேட்டபோது எல்லோரும் "வேண்டாம்" என்றார்கள். எனக்கு அதைச் சொல்ல வாய் வரவில்லை. அப்படித்தான் கிடைத்தது.

வேலை இதுதான்: வயல் மண், கமுதிப் பக்கம் மிளகாய்க் காட்டு மண், மண்டபம் கடற்கரை மணல். மூன்றிலும் புழு எடுத்து, ஒவ்வொன்றும் எந்த இனம் என்று சொல்ல வேண்டும். வெளியே பார்த்தால் எல்லாம் ஒரே சிவப்புக் கயிறு. உடம்பு முழுக்க வளையம் வளையமாக இருக்கிறதே, அதற்குக் கண்டம் என்று பெயர். இடுப்புப் பட்டை எந்தக் கண்டத்தில் தொடங்குகிறது, ஆண்துளை எந்தக் கண்டத்தில், உள்ளே அறுத்தால் அரைவைப்பை எதில், விந்துகொள் பை எத்தனை ஜோடி. இவைதான் புழுவின் விலாசம். எண் ஒன்று மாறினால் தெருவே மாறிவிடும்.

கூட்டாளி மர்ஜானா. மண்டபத்துக்காரி. அவளுடைய தலைப்பு நண்டு. ஆனாலும் என் மேசையில்தான் உட்கார்ந்திருக்கிறாள். நான் லென்ஸ் வழியாக எண்ணிச் சொல்ல, அவள் நோட்டில் எழுதுகிறாள். கூலி, என் டிபன் பாக்ஸ்.

நவம்பர் 17, ஞாயிறு

கமுதி. மானம் போயிற்று.

எங்கள் பக்கம் மண்புழுவுக்கு நாக்குப்பூச்சி என்று பெயர். வயிற்றில் இருப்பதற்கும் அதே பெயர். இது தெரியாதவள் இல்லை நான். இருந்தும் மிளகாய்க் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்த நாகலெட்சுமி அக்காவிடம் போய், "அக்கா, இங்கன நாக்குப்பூச்சி இருக்கா?" என்று கேட்டேன்.

"இருக்காவா? எம்மக ராத்திரியெல்லாம் பல்லக் கடிக்கிறா. மாத்தர கொண்டாந்துருக்கியா தாயி?"

கழுத்தில் அடையாள அட்டை, கையில் பை, தலையில் தொப்பி. என்னைப் பார்த்தால் மாத்திரை தருகிறவள் மாதிரித்தான் இருந்திருக்கும். நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்த பாத்தியிலிருந்து மூன்று பேர் வந்துவிட்டார்கள். ஒருத்தி மகனின் வயதையும் சொல்லிவிட்டாள். மர்ஜானாதான் விஷயத்தை உடைத்தாள்.

நாகலெட்சுமி அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டார். "மண்ணுல இருக்குற பூச்சிக்கு ரெண்டு ஆளு பஸ் ஏறி வாரீக. வயித்துல இருக்குறதுக்கு ஒருத்தரும் வரக் காணோம்."

அப்புறம் அவரேதான் வாய்க்காலோர ஈரத்தைக் காட்டினார். நான்கு புழு. போன காரியம் முடிந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் மர்ஜானா இரண்டு தடவை பல்லைக் கடித்துக் காட்டினாள்.

நவம்பர் 21

மழை. மழை. விடுதியில் மின்சாரம் இல்லை. புழுக்களுக்கு மட்டும் கொண்டாட்டம், குளியலறைக்கே வந்துவிட்டன. பிடித்து வெளியே விட்டேன்.

டிசம்பர் 1, ஞாயிறு

மண்டபம், மர்ஜானா வீடு. அவள் வாப்பா ஹாஜா முகைதீன் வலை பின்னிக்கொண்டிருந்தார். கடற்கரையில் மண்புழு தேடுகிறேன் என்றதும் பின்னுவதை நிறுத்திவிட்டார்.

"உப்புத் தண்ணியில மண்புழுவா? ஏம்மா, நாளைக்கு நடுக்கடல்ல ஆடு மேய்க்கப் போறேம்பியா?"

உம்மா மீன் ஆணமும் சோறும் போட்டுத்தான் அனுப்பினார். அலை ஒதுக்கிய கடற்புல் அழுகிக் கிடந்தது. நாற்றம். அதற்கடியில் ஈர மணலைக் கிளறினால், இருக்கிறது! ஐந்து. வெளிறிய இளஞ்சிவப்பு, ஒல்லி. வாப்பாவிடம் காட்டினோம். கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். "இது நம்ம கடல்புழுல்ல?" என்றார். "இல்ல வாப்பா, இதுக்குக் கால் இல்ல" என்று மர்ஜானா படித்தவள் மாதிரி சொன்னாள்.

மொத்தம் நாற்பத்தேழு குழாய், குழாய்க்கு ஒரு புழு. கண்மாய் முப்பத்தெட்டு, கமுதி நான்கு, மண்டபம் ஐந்து. பெயர்ச்சீட்டைப் பென்சிலால் எழுதிக் குழாய்க்குள்ளேயே போட்டாயிற்று. புழு ஊறும் சாராயத்தில் பேனா மை கரைந்து போகும்.

டிசம்பர் 10, செவ்வாய்

ஏதோ வித்தியாசமாக இருக்கிறது.

பிளஸ் ஒன் புத்தகத்திலேயே படித்த புழு லாம்பிட்டோ மாரிட்டி. தமிழ்நாட்டில் எங்கே தோண்டினாலும் வரும். இடுப்புப் பட்டை 14 முதல் 17 வரை. ஆண்துளை 18. கண்மாய்ப் புழு எல்லாம் பார்க்க அதே மாதிரிதான். ஆனால் நான் எண்ணினால் பட்டை 15 முதல் 18 வரை. ஆண்துளை 19.

ஒன்றில் அல்ல. இன்று பார்த்த பதினொன்றிலும்.

டிசம்பர் 11

கமுதிப் புழுவிலும் அப்படியே. அறுத்துப் பார்த்தேன். விந்துகொள் பைகளும் ஒரு கண்டம் தள்ளி.

மண்டபம் ஐந்தும் வேறு. பட்டை 14 முதல் 18. உரத்தொட்டியில் வளர்க்கிறார்களே, ஆப்பிரிக்கப் புழு, அதற்குத்தான் அப்படி. ஆண்துளை மட்டும் பொருந்தவில்லை. யாரோ உரத்தொட்டியைக் கரையில் கொட்டியிருக்க வேண்டும். நோட்டில் "ஆப்பிரிக்கன்?" என்று எழுதச் சொல்லி ஓரமாக வைத்துவிட்டேன். என் கவனம் எல்லாம் அந்த நாற்பத்திரண்டில்.

டிசம்பர் 12

மேடத்திடம் காட்டினேன். லென்ஸில் கொஞ்ச நேரம் பார்த்தார். "எனக்கு மீன் முள்ளுதான் எண்ணத் தெரியும். நீ எண்ணுனா சரியாத்தான் இருக்கும்" என்றார்.

நீ எண்ணினால் சரியாக இருக்கும். இந்த மாதிரி என்னை யாரும் சொன்னதில்லை. மதியம் சாப்பிடவே மறந்துவிட்டேன். டிபன் பாக்ஸை மர்ஜானா மறக்கவில்லை.

அவள் மட்டும் கேட்டாள்: "ஏண்டி, ஊருபூரா நெளியிற புழுவ, இத்தன வருசமா ஒருத்தரும் சரியா எண்ணல, நீதான் மொத மொதல்ல எண்ணுனியாக்கும்?"

பொறாமை என்று நினைத்தேன். நண்டுக்காரிக்கு என்ன தெரியும்.

டிசம்பர் 15, ஞாயிறு

வீடு. புது இனமாக இருக்கலாம் என்று அம்மாவிடம் மட்டும், அதுவும் "ஒருவேளை" என்று ஏழெட்டு தடவை சேர்த்துத்தான் சொன்னேன். அம்மா நடவுக்குப் போய்விட்டு வந்தாள். சாயந்தரம் டீக்கடைவரை தெரிந்திருந்தது. அதற்குள் "ஒருவேளை" எல்லாம் வழியில் உதிர்ந்துவிட்டது.

சின்னச்சாமி சித்தப்பா வாசலுக்கே வந்தார். "ஏத்தா, புதுப் புழுவாமே. கண்டுபுடிச்ச ஆளு பேரு வைக்கலாமாமே. முப்பது வருசமா அதத் தூண்டில்ல குத்துனவன் நானு. பாத்துச் செய்யி."

"நல்லாருக்கே! குத்துனவன் பேர வைக்கவா?" என்றாள் அம்மா. "கோழி தின்னுச்சுன்னா கோழி பேர வைப்பாகளா?"

அய்யா பேசவே மாட்டார், நான் யாரைக் கொண்டு பிறந்தேன் பின்னே. ஆனால் திரும்பி வரும்போது கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே, "சோணைமுத்து மகதான? என்னமோ கண்டுபுடிச்சிருக்கியாமே" என்றார். அய்யாவைத் தவிர யார் சொல்லியிருப்பார்கள்?

ஜனவரி 3, வெள்ளி

சுருக்கம் அனுப்பியாயிற்று. மதுரையில் கருத்தரங்கு, பிப்ரவரி 8. "ஆர்.எஸ்.மங்கலம் கண்மாய்ப் பகுதி மண்புழுக்களில் உடற்கண்டங்களின் இடமாற்றம்." புதிய இனம் என்று மேடம் எழுதவில்லை, "மாறுபட்ட கூட்டம்" என்றுதான் எழுதினார். என் பெயரை முதலில் போட்டு, அவர் பெயரைப் பின்னால் போட்டார். பேச வேண்டியது நான். பத்து நிமிடம்.

குழாய்கள் முன்னால் நின்று பேசிப் பார்த்தேன். நாற்பத்தேழு பேரும் கவனமாகக் கேட்டார்கள்.

ஜனவரி 14, பொங்கல்

அய்யா புதுச் சட்டை எடுத்திருக்கிறார். பொங்கலுக்குப் போடவில்லை. ஏன் என்றால், "மதுரைக்குப் போடுவோம்" என்கிறார். அவரும் வருகிறாராம். கருத்தரங்கு என்பது என்ன, அங்கே யார் யாரை விடுவார்கள் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? சொல்லவில்லை.

ஜனவரி 22, புதன்

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

நேற்று கண்வலி என்று சீக்கிரம் போய்விட்டேன். இன்று போனதும் மர்ஜானா, "பத்தாம் நம்பர் குழாய நான் எண்ணிப் பாத்தேன். பதினாலுலருந்து பதினேழு" என்றாள்.

"தப்பா எண்ணிருப்ப."

"நானா, நீயா? வா."

ஒரே புழு, ஒரே மெழுகுத் தட்டு, ஒரே ஊசி. அவள் முதல் வளையத்தில் ஊசியை வைத்தாள். "ஒண்ணு."

"அது ரெண்டு" என்றேன்.

"இது எப்படிடி ரெண்டு? அப்ப ஒண்ணு எங்க போச்சு?"

ஊசியை வாங்கி, வாய்க்கு மேலே துருத்திக்கொண்டிருக்கிறதே ஒரு சின்ன உதடு, அதில் வைத்தேன். "லாபம்."

"யாரு?"

"லாபம். அப்புறம் ரெண்டு, மூணு..."

அவள் என்னையே பார்த்தாள். நான் சொன்னது என் காதிலேயே அப்போதுதான் விழுந்தது.

எங்கள் வீட்டில் நெல் அளந்தாலும் அரிசி அளந்தாலும் முதல் படியை "ஒன்று" என்று சொல்ல மாட்டார்கள். "லாபம்" என்றுதான் சொல்வார்கள். அப்புறம் ரெண்டு, மூணு. அப்படிச் சொன்னால் விளைச்சல் பெருகும். எனக்கு எண்ணவே அப்படித்தான் தெரியும். குவியலின் உச்சியில் இருப்பதிலிருந்து லாபத்தைத் தொடங்க வேண்டும், முன்னால் நிற்பதை விட்டுவிட்டு எவளாவது எண்ணுவாளா? புழுவிலும் முன்னால் நீட்டிக்கொண்டு நின்றது உதடு. அதற்கு லாபம் போட்டுவிட்டு, முதல் கண்டத்தை ரெண்டு என்று எண்ணியிருக்கிறேன். எல்லாமே ஒன்று தள்ளிப் போய்விட்டது. நாற்பத்தேழிலும்.

அந்த உதடு கண்டமே இல்லை. கணக்கில் வராது. புத்தகத்தில் இருக்கிறது. படித்திருக்கிறேன். கீழே பென்சில் கோடுகூடப் போட்டிருக்கிறேன்.

மர்ஜானா தரையில் உட்கார்ந்து சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "யா அல்லா, வாயத் தொறந்து எண்ணிருந்தா மொத நாளே புடிச்சிருப்பேன்லடி. முணுமுணுன்னு எண்ணிட்டுக் கடேசி நம்பர மட்டும் சொன்னா நான் என்னத்தக் கண்டேன்?" என்றாள்.

அப்புறம் சிரிப்பு நின்றது. "மேடத்துக்கிட்ட?" என்றாள்.

ஜனவரி 23

சொல்லல.

மூணு தடவ அவுக ரூம் வாசலுக்குப் போனேன். மூணு தடவையும் மீன்தொட்டியப் பாத்துட்டுத் திரும்பி வந்தேன்.

என்ன செய்யலாம்? காய்ச்சல் என்று மதுரைக்குப் போகாமல் இருக்கலாம். ஆனால் சுருக்கம் அச்சில் வந்துவிடும், மேடத்தின் பெயரோடு. இருபது வருடம் மீன் முள்ளை ஒன்று தப்பாமல் எண்ணியவர் பெயரோடு. பிளஸ் ஒன் படிக்கிற பிள்ளைகூட எடுத்துக் காட்டிச் சிரிக்கும்.

சொன்னால்? மார்ச் 31க்குள் ஆய்வேடு கொடுக்க வேண்டும். நாற்பத்தேழையும் மறுபடி எண்ணி, மறுபடி அறுத்து, மறுபடி எழுத வேண்டும். முடியாவிட்டால் ஒரு வருடம் போகும். இன்னொரு வருட விடுதிக் கட்டணத்துக்கு அய்யா எங்கே போவார்? அம்மா எத்தனை நடவு நட வேண்டும்?

மர்ஜானா வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். "நான் வேணா சொல்லவா?" என்றாள். எல்லாவற்றையும் எனக்காகச் சொல்கிறவள். கமுதியிலும் அவள்தான் சொன்னாள்.

வேணாம்னுட்டேன். ஏன் வேணாம்னேன்?

ஜனவரி 24, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

மனப்பாடம் செய்துகொண்டு போன நாலு வாக்கியமும் வாசலிலேயே காணாமல் போயின. "மேடம், நான் உதட்டையும் சேத்து எண்ணிட்டேன்" என்று மட்டும்தான் வந்தது.

அவருக்கு முதலில் புரியவில்லை. தன் உதட்டைத் தொட்டுப் பார்த்தார். பிறகு புரிந்தது.

"எத்தன குழாய்?"

"எல்லாம் மேடம்."

தொட்டியில் ஒரு மீன் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய் வந்தது. கண்டம் எண்ணுகிற மாதிரி அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மேடம் என் எதிரிலேயே மதுரைக்குக் கடிதம் தட்டினார். சுருக்கத்தைத் திரும்பப் பெறுகிறோம். "எங்கள் எண்ணிக்கையில் பிழை." எங்கள் என்றுதான் போட்டார். அதைப் பார்த்ததும்தான் அழுகை வந்தது. திட்டியிருந்தால் நின்றிருப்பேன்.

"போ" என்றார். "ஒண்ணுலேருந்து ஆரம்பி."

ஜனவரி 30

மேடம் பேசுவதில்லை. தாழ்வாரத்தில் எதிரே வந்தால் அறிவிப்புப் பலகையைப் படிக்கிறார். அதில் போன வருடத்து அறிவிப்புதான் இருக்கிறது.

இருபத்தேழு குழாய் முடிந்தது. இருபத்தேழும் லாம்பிட்டோ மாரிட்டி. பிளஸ் ஒன் புத்தகம் வாழ்க. இப்போது சத்தமாக எண்ணுகிறேன். "உதடு, நீ அங்கிட்டுப் போ. ஒண்ணு. ரெண்டு." ஆய்வக உதவியாளர் பிரபு அண்ணன் கதவருகே நின்று கேட்டுவிட்டு, "புழுகூடப் பேசுற புள்ள நம்மகூட ஒரு வார்த்த பேச மாட்டேங்குது" என்று போனார்.

பிப்ரவரி 6, வியாழன்

கடைசி ஐந்து. மண்டபம். தூங்கி வழிந்துகொண்டுதான் எடுத்தேன். ஒன்று தள்ளிப் பார்த்தால் பட்டை 13 முதல் 17. ஆண்துளை 18.

13 முதல் 17. அப்படியானால் இது ஆப்பிரிக்கப் புழு இல்லையே.

மறுபடி எண்ணினேன். மர்ஜானா எண்ணினாள். கூப்பிட்டு பிரபு அண்ணனையும் எண்ண வைத்தோம். அவருக்கும் 13.

அறுத்தேன். முதுகில், நடுக்கோட்டுக்குச் சற்றுத் தள்ளி, மெல்ல. தோலை விரித்துக் குண்டூசி குத்தினேன். விந்துகொள் பை இரண்டு ஜோடி. அரைவைப்பையைத் தேடினேன். மண்ணைத் தின்கிற புழுவுக்கு அதை அரைக்க ஒரு தடித்த பை வேண்டும், கோழிக்குக் கல்லீரல் பக்கம் இருக்குமே, அது மாதிரி. ஆப்பிரிக்கப் புழுவில் நன்றாகத் தெரியும். இதில் குடல் மெத்தென்று நேராகப் போகிறது. இல்லை. அழுகின கடற்புல்லைத் தின்கிறவனுக்கு அரைக்க என்ன இருக்கிறது?

அடையாள அட்டவணையை வைத்துக் கேள்வி கேள்வியாக இறங்கினோம். முதுகுத் துளை உண்டா? இல்லை. தோலில் கண்டத்துக்கு எத்தனை மயிர்முள்? எட்டு. சாயந்தரம் நான்கு மணிக்கு ஒரே ஒரு பெயரில் வந்து நின்றது. பான்டோட்ரிலஸ் லிட்டோராலிஸ். கடற்கரையில், உப்பு மணலில் மட்டும் வாழ்கிற மண்புழு.

புதிது இல்லை. நூற்று எழுபது வருடத்துக்கு முன்பே பெயர் வைத்துவிட்டார்கள். உலகத்தில் எத்தனையோ கடற்கரைகளில் இருக்கிறதாம். எங்கள் துறையின் அலமாரியில் மட்டும் இல்லை. நான் தேடாததை என் தப்பே இரண்டு மாதமாக மூடி வைத்திருந்திருக்கிறது. இல்லாததைக் காட்டிக்கொண்டு, இருப்பதை மறைத்துக்கொண்டு.

மர்ஜானாதான் அதிர்ந்து போனாள். "எங்க வீட்டு வாசல்லயா? நான் அதும்மேலதானடி வெளையாடுனேன்."

பிப்ரவரி 8, சனி

இன்று மதுரையில் கருத்தரங்கு. பதினொன்று நாற்பதுக்கு என் நேரம். அந்தப் பத்து நிமிடம் துணி துவைத்தேன்.

பிப்ரவரி 10, திங்கள்

குழாயைக் கொண்டுபோய் மேடத்தின் மேசையில் வைத்தேன். என்ன என்று கேட்கவில்லை. லென்ஸை இழுத்துப் போட்டுக்கொண்டு தானே எண்ணினார், ஊசி முனையால், உதட்டைத் தாண்டி, வாய்விட்டு. பதினெட்டு வரை போனார். திரும்ப ஒன்றுக்கு வந்தார். திரும்பப் பதினெட்டு.

"எங்க எடுத்த?"

"மண்டபம் மேடம். மர்ஜானா வீட்டுக்குக் கிழக்க. கடற்புல்லுக்கு அடியில."

"இருவது வருசமா அந்தக் கரையில நடக்குறேன்" என்றார். "எல்லாரையும் தண்ணியப் பாக்கச் சொல்லிருக்கேன்."

பதினேழு நாளில் என்னிடம் அவர் பேசிய முதல் பேச்சு. கூடவே இரண்டாவதும் வந்தது: "அஞ்சு பத்தாது. இன்னும் வேணும். மார்ச்சுக்குள்ள முடிப்பியா?"

"முடிப்பேன் மேடம்."

பிப்ரவரி 16, ஞாயிறு

வீடு. இதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டம் என்று நினைத்திருந்தேன். மதுரை இல்லை என்பதை மட்டும் போனில் சொல்லியிருந்தேன். ஏன் என்று சொல்லவில்லை.

சின்னச்சாமி சித்தப்பாவும் இருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். லாபத்தையும் சொன்னேன். அம்மா வாயில் சேலையை வைத்துக்கொண்டாள். "அடிப்பாவி, அது நெல்லுக்குச் சொல்றதுத்தா. புழு பெருகி என்ன செய்யப் போறோம்?"

"அப்ப எம்பேரு இல்ல" என்றார் சித்தப்பா.

"இல்ல சித்தப்பா."

"ரெண்டாவதா ஒரு புழு சொன்னியே. அதுக்காச்சும்?"

"அதுக்கு ஏற்கனவே பேரு இருக்கு."

"எல்லாத்துக்கும் பேரு இருக்குன்னா, பெறகு ஒனக்கு அங்க என்னதான் வேல?"

"எது எதுன்னு சரியா சொல்றது" என்றேன். தேவிபட்டினம் வரை போகாமலே வந்துவிட்டது.

சித்தப்பா சிரிக்கத் தொடங்கினார். அய்யா கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "அது வேலயில்லையா?" என்றார். "ரேசன் கார்டுல எம்பேரு சேனைமுத்துன்னு இருக்கு. பதினோரு வருசமா மனு குடுக்குறேன். இருக்குறவன் பேரச் சரியாச் சொல்ல ஒரு ஆளு கெடைக்கல."

வாழ்நாளில் அவர் ஒரே மூச்சில் பேசிய நீளமான பேச்சு இது. சித்தப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

சாயந்தரம் பஸ் ஏற்றிவிட வரும்போது அய்யா அந்தச் சட்டையைப் போட்டிருந்தார். பஸ் ஸ்டாப் வரைக்கும்தான்.

மார்ச் 1, சனி

மண்டபம். மர்ஜானா, நான், மேடம். மேடம் தண்ணீர் பாட்டிலும் தொப்பியுமாக, மீனவர் கிராமங்களுக்குப் போகிற மிடுக்கோடு முன்னால் நடந்தார். வாப்பா எங்களைப் பார்த்து, "இந்தத் தடவ டீச்சரையும் இழுத்துட்டு வந்துட்டியா" என்று சத்தமாகவே சொன்னார். மேடத்துக்குக் கேட்டது. கேட்காத மாதிரி நடந்தார்.

கடற்புல் குவியல் நீளத்துக்குக் கிடந்தது. மேடம் அலைக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, கைக்கரண்டியால் தோண்ட ஆரம்பித்தார். ஒரு குழி. ஒன்றுமில்லை. இன்னொரு குழி. ஈர மணல், சிப்பி, வெறும் ஈர மணல். அலை வந்து சேலையின் கரையை நனைத்துவிட்டுப் போனது. மூன்றாவது குழியைத் தொடங்கினார். அந்த இடத்தில் புல் இன்னும் பச்சையாக இருந்தது, அழுகவே இல்லை. அங்கே எப்படிப் புழு இருக்கும்?

மர்ஜானா என்னைப் பார்த்தாள். நான் சொல்ல மாட்டேன், தான்தான் சொல்ல வேண்டும் என்று நினைத்து வாயைத் திறந்தாள்.

"அங்கன இல்ல மேடம்" என்றேன். "இங்கன வாங்க."

மேடம் நிமிர்ந்து பார்த்தார். கரண்டியை எடுத்துக்கொண்டு, சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, நான் காட்டிய இடத்தில் வந்து உட்கார்ந்தார்.